ரஸ்டில் இரண்டு குரூப்பை ஒன்றாக்குவது எப்படி: திருகோணமலைப் பெடியளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ரஸ்ட் என்ற ஒன்லைன் உயிர்பிழைப்பு கேமில் இரண்டு குரூப்பைச் சேர்க்க ஒரு பட்டன் கிடையாது. ஆர்க் மாதிரியான கேமில் ஒரு ட்ரைப்பை (குரூப்பை) இன்னொரு ட்ரைப்போடு இணைக்கிற வசதி கேமுக்குள்ளேயே இருக்கிறது. ரஸ்டில் அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு கதவின் லொக்கும், ஒவ்வொரு டரெட்டும் (தானாகச் சுடும் துவக்கு), ஒவ்வொரு டூல் கப்போர்டும் (வீட்டில் யார் கட்டலாம் என்பதைத் தீர்மானிக்கும் அலுமாரி) யாரை ஏற்றுக்கொள்வது என்ற பட்டியலைத் தனித்தனியாக வைத்திருக்கின்றன. அதனால் "மச்சான், இனி நாங்கள் ஒரே குரூப்" என்று டிஸ்கோர்டில் சொன்னவுடன் எதுவும் ஒன்றாகிவிடாது. யாருக்கு, எந்தத் திறப்பை, எப்போது கொடுப்பது என்பதுதான் இதில் முழு வேலையும். சாமானைச் சேர்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைத் திருகோணமலையில் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே பெரும்பாலும் நாலைந்து பேர் கொண்ட சின்னச் சின்னக் குரூப்கள்தான்: ஒரே பள்ளிக்கூடம், ஒரே டியூசன், ஒரே ஒழுங்கை. வைப் (சேர்வரை அழித்துப் புதிதாகத் தொடங்குவது) ஆரம்பிக்கும்போது நன்றாகப் போகும், மூன்றாம் நாள் பத்துப் பேர் கொண்ட ஒரு வெளிநாட்டுக் குரூப் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போகும். அப்போதுதான் "அந்தக் கிண்ணியாப் பெடியளோடு சேர்ந்தால் என்ன?" என்ற கதை வரும். நல்ல கதைதான். உதாரணத்துக்கு உப்புவெளியில் ஒரு ஐந்து பேர், கிண்ணியாவில் ஒரு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரை இந்தக் கணக்கோடுதான் பேசப்போகிறேன்.

முதலில், சேரத்தான் வேண்டுமா?

ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சேராதீர்கள். ரஸ்டில் நீங்கள் வெளியேறினாலும் உங்கள் உடம்பு பேஸுக்குள் (நீங்கள் கட்டிய வீட்டுக்குள்) தூங்கிக்கொண்டு கிடக்கும், உலகம் நிற்காது. பெரும்பாலான சின்னக் குரூப்கள் நேருக்கு நேர் சண்டையில் தோற்று அழிவதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் நித்திரைக்குப் போன பிறகு யாராவது பேஸை உடைத்துச் சாமானை அள்ளும் ஒஃப்லைன் ரெய்டில்தான் அழிகின்றன. ஒரே வகுப்பில் படிக்கும் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வருவார்கள், ஒரே நேரத்தில் போவார்கள். அவர்களோடு அதே நேர அட்டவணை உள்ள இன்னும் ஐந்து பேரைச் சேர்த்தால் சண்டைக்குத் துவக்கு கூடும், காவல் கூடாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது மணித்தியாலக் கணக்கு. இரண்டு குரூப்பும் எந்தெந்த நேரம் ஒன்லைனில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு பக்கம் பின்னேரம் 4 முதல் 9 வரை, மற்றப் பக்கம் இரவு 10 முதல் விடியப்புறம் வரை என்றால் அது தங்கமான சேர்க்கை. நோன்பு மாதத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம்: கிண்ணியாப் பக்கம் தராவீஹ் முடிந்து வந்தால் ஸஹர் வரைக்கும் விழித்திருப்பார்கள், உப்புவெளிப் பக்கம் பகலில் பார்த்துக்கொள்ளலாம். பேஸ் ஒருபோதும் வெறுமையாகக் கிடக்காது.

அடுத்து சேர்வரின் விதி. ரஸ்டின் வழமையான டீம் அளவு 8 பேர்தான், சேர்வர் நடத்துகிறவர் விரும்பினால் மாற்றலாம். ட்ரியோ (மூன்று பேர்), குவாட் (நான்கு பேர்) என்று ஆள் மட்டுப்படுத்திய சேர்வர்களில் பலவற்றில் கூட்டணி வைப்பதையே விதிமீறலாக எடுத்து எல்லோரையும் தடை செய்துவிடுவார்கள். டீம் பட்டியலில் மூன்று பேர்தானே இருக்கிறோம் என்ற சாட்டு எடுபடாது. விதிப் பக்கத்தை இரண்டு தலைவர்களும் வாசித்துவிட்டுத்தான் அடுத்த கதைக்குப் போக வேண்டும்.

மூன்றாவது, வைப் எப்போது? ரஸ்டின் கட்டாய வைப் ஒவ்வொரு மாதமும் முதல் வியாழக்கிழமை, பிரித்தானிய நேரப்படி இரவு 7 மணிக்கு. நமக்கு அது அவர்களின் கோடை காலத்தில் வியாழன் இரவு 11.30, குளிர்காலத்தில் வெள்ளி அதிகாலை 12.30. பல சேர்வர்கள் இதற்கு இடையிலும் கிழமைக்கு ஒரு தடவையோ இரண்டு கிழமைக்கு ஒரு தடவையோ வைப் செய்யும். வைப்புக்கு இன்னும் மூன்று நான்கு நாட்கள்தான் இருக்கிறது என்றால் இந்த வழிகாட்டியில் உள்ள பாதி வேலை உங்களுக்குத் தேவையில்லை. கூட்டாளிகளாகச் சேர்ந்து விளையாடிவிட்டு, அடுத்த வைப்பில் முதல் நிமிடத்திலிருந்து ஒரே பேஸ் கட்டுங்கள். அதைவிடச் சுலபமான இணைப்பு கிடையாது.

படி 1: தலைவர்கள் இருவரும் முதலில் கதையுங்கள்

பத்துப் பேரையும் ஒரே வொய்ஸ் சனலில் போட்டுத் தொடங்கினால் அது கூட்டமாக இருக்காது, சந்தையாகத்தான் இருக்கும். முதலில் இரண்டு பேர். முடிந்தால் நேரில். இதில்தான் நமக்கு வெளிநாட்டுக் குரூப்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுப் பாதைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். முகம் பார்த்து ஒரு பிளேன்டீ குடித்தவனை நடு இரவில் விற்றுவிட்டுப் போக மனம் அவ்வளவு லேசில் வராது. இதை நான் உண்மையாகவே நம்புகிறேன்.

இருவரும் பேசி முடிக்க வேண்டியவை: யார் டீம் தலைவர், யார் கட்டட வேலைக்குப் பொறுப்பு, ரெய்டுக்குப் போகும் முடிவை யார் எடுப்பது, இதுவரை சேர்த்த லூட் (சாமான்) பொதுவாகிறதா தனியாகவே இருக்கிறதா, ஆளுக்கு ஆள் சண்டை வந்தால் யார் தீர்ப்பது, பிரிய வேண்டி வந்தால் எப்படிப் பிரிவது. கடைசிக் கேள்வியைக் கேட்க எல்லோருக்கும் கூச்சம். முதல் நாளே கேளுங்கள். சேரும்போது பேசினால் ஐந்து நிமிடக் கதை, பிரியும்போது பேசினால் அது போர்.

"நானா, எங்கட பக்கம் இரண்டு பேர் ஏஎல் எடுக்கிறவங்க, சோதனை நேரம் வரமாட்டாங்க" என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். "பரவாயில்லை தம்பி, எங்கட பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியிற வரைக்கும் ஆள் இல்லை" என்று அவரும் சொல்வார். இப்படி முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரும் யாரையும் "வேலை செய்யிறானில்லை" என்று குறை பிடிக்க வழியில்லை.

தலைமை விடயத்தில் என் கருத்து: இருவரில் ஒருவரைத் தலைவராக வையுங்கள், மற்றவருக்குக் கட்டடத்தை முழுதாகக் கொடுங்கள். இரண்டு பேரும் எல்லாவற்றிலும் சமம் என்ற ஏற்பாடு கேட்க நல்லாயிருக்கும், ஆனால் ரெய்ட் நடக்கிற நேரத்தில் இரண்டு குரல் இரண்டு திசையைச் சொன்னால் பத்துப் பேரும் நடுவில் நின்று சாவார்கள்.

படி 2: ஒரு பரீட்சை

முதல் சந்திப்பை அவுட்போஸ்டில் வையுங்கள். அது பாதுகாப்பு வலயம். அங்கே யாராவது சுட்டால் அங்குள்ள டரெட்டுகளே பார்த்துக்கொள்ளும், துவக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாலே ஆபத்தானவனாகக் குறித்துவிடும். ஆகவே எல்லோரும் ஆயுதத்தை உள்ளே வைத்துவிட்டு நிம்மதியாக நின்று பெயரையும் குரலையும் பொருத்திப் பார்க்கலாம். யார் மைக்கில் யார் என்று தெரியாமல் சண்டைக்குப் போவது வீண்.

பிறகு சின்ன வியாபாரம் ஒன்று. நீங்கள் சல்பர் கொடுங்கள், அவர்கள் உலோகத் துண்டு கொடுக்கட்டும், வெண்டிங் மெஷின் வழியாகவோ கையோடு கையாகவோ. அதற்குப் பிறகு ஒரு கூட்டு வேலை: ஒரு மொனுமென்ட் (வரைபடத்தில் ஏற்கெனவே உள்ள லூட் கிடைக்கும் இடம்) அடிப்பதோ, பக்கத்தில் உள்ள ஒரு சின்ன பேஸை ரெய்ட் பண்ணுவதோ. வெற்றியா தோல்வியா என்பது இங்கே முக்கியமில்லை, லூட் கிடைத்த அடுத்த பத்து நிமிடத்தைக் கவனியுங்கள். கிடைத்ததைப் பெட்டியில் போடுகிறார்களா, அவரவர் பையில் வைத்துக்கொண்டு "நான் ஒன்றும் எடுக்கவில்லை" என்கிறார்களா? செத்தவனின் சாமானை எடுத்தவர் அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறாரா? இதில் யாரும் நடிக்க முடியாது.

படி 3: எந்த பேஸ்?

பெரியது எதுவோ அது என்று முடிவெடுக்காதீர்கள். ரஸ்டில் கட்டடம் பெருக்கப் பெருக்கப் பராமரிப்புச் செலவின் விகிதமும் ஏறும், ஒவ்வொரு நாளும் டூல் கப்போர்டில் மரமும் கல்லும் உலோகமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது மூன்று: சுற்றி விரிவாக்க இடம் இருக்கிறதா, டூல் கப்போர்ட் இருக்கும் அறைக்குப் போக எத்தனை சுவரை உடைக்க வேண்டும், அந்த பேஸின் இடம் எதிரிகளுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை ரெய்டாகி ஒட்டுப் போட்ட பேஸ் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

இரண்டும் பொருந்தவில்லை என்றால் மூன்றாவது இடத்தில் புதிதாகக் கட்டுவது இன்னும் நல்லது. அதில் ஒரு மறைமுக இலாபமும் உண்டு. "இது எங்கட வீடு, நீங்கள் வந்து சேர்ந்தவர்கள்" என்ற கதை யாருக்கும் வாயில் வராது.

படி 4: திறப்புகள், இதில்தான் எல்லாம்

இந்தப் பகுதியை இரண்டு தலைவர்களும் நிதானமாக வாசியுங்கள். மற்றதெல்லாம் பிழைத்தாலும் பிறகு சரி செய்யலாம், இது பிழைத்தால் பேஸே போய்விடும்.

கோட் லொக்கிலிருந்து தொடங்குவோம். நான்கு இலக்கம். சரியான கோடை அடித்தவரை அந்த லொக் நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு அவர் அடிக்காமலே திறக்கலாம். பிழையாக அடித்தால் கரண்ட் அடித்து உயிர் குறையும். பலர் கவனிக்காதது என்னவென்றால், ஒரு லொக்கில் இரண்டு வகைக் கோட் வைக்கலாம்: முதன்மைக் கோட், விருந்தாளிக் கோட். விருந்தாளிக் கோட் தெரிந்தவர் கதவைத் திறக்கலாம், மூடலாம், அவ்வளவுதான். முதன்மைக் கோட் தெரிந்தவரோ லொக்கையே திறந்து கோடை மாற்றி உங்களை வெளியே நிறுத்திவிடலாம். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது விருந்தாளிக் கோட்தான்.

அதை வைக்கும் ஒழுங்கு: லொக்கைப் பார்த்துக்கொண்டு ஈ பட்டனை அமத்திப் பிடியுங்கள், முதலில் லொக்கைத் திறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள், விருந்தாளிக் கோடை அடியுங்கள், பிறகு மறக்காமல் திரும்பப் பூட்டுங்கள். பூட்டிய நிலையில் கோட் மாற்ற முடியாது, மாற்றிவிட்டுப் பூட்டாமல் போனால் வீதியால் போகிறவன் எல்லாம் உள்ளே வருவான். லொக்கில் எரியும் சின்ன வெளிச்சத்தைப் பாருங்கள்: சிவப்பு என்றால் பூட்டியிருக்கிறது, பச்சை என்றால் திறந்து கிடக்கிறது. வேலை முடிந்ததும் ஒருவர் பேஸ் முழுக்க நடந்து எல்லாக் கதவிலும் சிவப்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். இது கட்டாயம்.

இன்னொன்று, முதன்மைக் கோடை மாற்றினால், பழைய முதன்மைக் கோடை அடித்துப் பதிவான ஆட்கள் எல்லோரும் அந்த லொக்கின் நினைவில் இருந்து அழிந்துபோவார்கள், மாற்றியவர் மட்டும்தான் மிஞ்சுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு கதவிலும் புதுக் கோடை அடிக்க வேண்டும். அதனால் கோட் மாற்றத்தைச் சண்டை நேரத்தில் செய்யாதீர்கள், எல்லோரும் ஒன்லைனில் இருக்கும் அமைதியான நேரத்தில் செய்யுங்கள்.

எல்லாக் கதவுக்கும் ஒரே கோட் வைக்கிற பழக்கத்தையும் இந்தச் சந்தர்ப்பத்தில் விட்டுவிடுங்கள். வெளிக்கதவுகளுக்கு ஒன்று, லூட் அறைகளுக்கு ஒன்று, டூல் கப்போர்ட் அறைக்கும் கப்போர்டுக்கும் ஒன்று. பிறந்த வருடம், 1234, 0000 எல்லாம் வேண்டாம், எதிரி முதலில் அடித்துப் பார்ப்பதே அதுதான்.

இப்போது டூல் கப்போர்ட். பேஸின் உயிர் அதில்தான் இருக்கிறது. அதில் பதிவானவர்கள் மட்டும்தான் அந்த எல்லைக்குள் கட்டலாம், தரம் உயர்த்தலாம். அதே சமயம் அதைத் திறக்கக்கூடிய ஒருவர் பதிவுப் பட்டியலை முழுதாக அழிக்கவும் முடியும். அதாவது, நீங்கள் நித்திரையில் இருக்கும்போது உங்கள் வீட்டில் ஆணி அடிக்கும் உரிமை கூட இல்லாதவராக உங்களை ஆக்கிவிடலாம். ஆகவே இது கடைசியாகக் கொடுக்க வேண்டிய திறப்பு. கொடுக்கும்போதும் கப்போர்டின் மேல் கோட் லொக் இருக்க வேண்டும், அந்தக் கோட் இரண்டு பக்கத்திலும் தலா இரண்டு பேருக்குப் போதும். மற்றவர்களைக் கப்போர்டுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வைத்துவிட்டு, திரும்பப் பூட்டிவிடலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொல்லப்போனால் நிஜப் பொறிதான். ஷொட்கன் ட்ராப் யாரைச் சுடுவது என்பதை டூல் கப்போர்ட் பதிவை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. கதவுக் கோட் தெரிந்த புதியவர், கப்போர்டில் பதியாதவர், சந்தோசமாக உள்ளே வருவார், மூலையில் இருக்கும் ட்ராப் அவரை அந்த இடத்திலேயே சுட்டுவிடும். பிறகு "எங்களைக் கூப்பிட்டுக் கொல்கிறார்கள்" என்று ஒரு சண்டை. ஆகவே புதியவர்கள் நடமாடும் அறைகளில் உள்ள ட்ராப்களில் இருந்து தோட்டாவை முதலே எடுத்துவிடுங்கள்.

ஓட்டோ டரெட் அப்படி இல்லை, அதற்குத் தனிப் பட்டியல். டரெட் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆட்களைச் சேர்க்க முடியாது. முதலில் நிறுத்தி, ஆட்களைப் பதிந்து, பிறகு திரும்ப ஓட விட வேண்டும். பேஸில் ஆறு டரெட் இருந்தால் ஆறிலும் ஒவ்வொருவரும் பதிய வேண்டும், ஒன்று விடுபட்டாலும் அந்த ஒன்று போதும். கூரையில் உள்ளதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

சரி, எந்த ஒழுங்கில் கொடுப்பது? நான் சொல்வது மூன்று கட்டம்.

முதல் கட்டத்தில் வெளிக்கதவுகளின் விருந்தாளிக் கோட், அவர்கள் வரும் வழியில் சுடக்கூடிய டரெட்டுகளில் பதிவு, ஒரு பொது அறை, அந்த அறையில் படுக்கைப் பைகள். கப்போர்டில் பதியாதவரால் அங்கே பை போட முடியாது, அதனால் உங்கள் ஆட்களே பையைப் போட்டு அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ஸ்டீமில் முன்கூட்டியே நண்பர்களாகச் சேர்ந்திருந்தால் பட்டியலில் பெயர் சுலபமாகக் கிடைக்கும். வேர்க்பெஞ்ச், உலைகள் இந்த அறைப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது, வந்தவர்கள் முதல் நாளே வேலை செய்யத் தொடங்கலாம்.

இரண்டாம் கட்டம் ஒன்றிரண்டு கூட்டு ரெய்டுக்குப் பிறகு: வெளிக்கதவுகளின் முதன்மைக் கோட், பொது லூட் அறையின் கோட், மிச்ச டரெட்டுகளில் பதிவு. மூன்றாம் கட்டத்தில் டூல் கப்போர்ட்.

ஒவ்வொரு கட்டமும் இரண்டு பக்கமும் ஒரே நாளில் நடக்க வேண்டும். நீங்கள் அவர்களுக்கு விருந்தாளிக் கோட் கொடுக்கும் அன்றே அவர்களின் பழைய பேஸிலும் உங்களுக்கு அது கிடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திறந்து வைத்தால் அது சேர்க்கை ஆகாது, சரணடைதல்தான்.

தூங்கும் இடத்தையும் இதோடு யோசியுங்கள். நித்திரையில் கிடக்கும் உடம்பை உள்ளே வரக்கூடிய எவரும் கொல்லலாம், பையைத் துழாவலாம். முதல் இரண்டு கட்டத்திலும் அவரவர் உள்ளே இருந்து பூட்டக்கூடிய ஒரு சின்ன அறையில் படுப்பது நல்லது. இதை யாரும் அவமானமாக எடுக்கத் தேவையில்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதிதான்.

படி 5: குடிபெயர்வு

சாமானை ஒரே தடவையில் கொண்டுபோக நினைக்காதீர்கள். வழியில் ஒருவன் குறுக்கே வந்து சுட்டால் ஒரு வைப்பின் உழைப்பு முழுதும் போகும். வெடிபொருள், நல்ல துவக்குகள், உயர்தர உலோகம், ஸ்கிராப், பாகங்கள் என்று பெறுமதியானவற்றைப் பல பேருக்குப் பிரித்து முதலில் அனுப்புங்கள். கல்லும் மரமும் பிறகு வரட்டும், வராவிட்டாலும் குடி முழுகாது.

நேரம் முக்கியம். நம்மில் பலர் சிங்கப்பூர் சேர்வரில்தான் இருக்கிறோம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். நமக்கு விடியப்புறம் 2 மணி என்றால் அங்கே 4.30, ஆள் குறைந்திருக்கும். போயா விடுமுறைக்கு முந்தின இரவு என்றால் நம் பக்கத்திலும் எல்லோரும் விழித்திருக்கலாம், குடிபெயர அதுதான் நல்ல இரவு. வடகீழ் பருவமழைக் காலம் என்றால் ஒரு விடயம்: கார்த்திகை, மார்கழியில் கரண்டும் இணையமும் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது. பையில் முழு வெடிபொருளோடு நடு வழியில் கரண்ட் போனால் உங்கள் உடம்பு புல்வெளியில் படுத்துக் கிடக்கும். மழை இரவில் குடிபெயராதீர்கள்.

பழைய பேஸைச் சும்மா விட்டுவிட்டுப் போகாதீர்கள். டூல் கப்போர்ட் பதிவு உள்ளவர் சுத்தியலோடு நின்றால் கதவு, வெறும் பெட்டி போன்றவற்றைக் கழற்றி எடுக்கலாம். சுவரை அப்படி எடுக்க முடியாது, கட்டிய சில நிமிடங்களுக்குப் பிறகு இடிக்கும் வசதி போய்விடும். கப்போர்டில் சாமான் தீர்ந்தால் கல் சுவர் முழு உயிரில் இருந்து 5 மணித்தியாலத்தில் விழும், தகரச் சுவர் 8 மணித்தியாலம், ஆர்மர்ட் சுவர் 12. ஆகவே முடிவு எடுங்கள்: முன்னரங்க நிலையாக வைத்திருக்கப் போகிறீர்களா? அப்படியானால் நாலு படுக்கைப் பையும் ஒரு நாளைக்குரிய பராமரிப்பும் ஒரு மாற்றுடுப்புப் பெட்டியும் அங்கே இருக்கட்டும். இல்லையென்றால் துடைத்து எடுத்துவிட்டு விழ விடுங்கள். எதிரி வந்து குடியேறாதபடி கடைசி ஆள் வரும்போது கப்போர்டை வெறுமையாக்கிவிட்டு வர வேண்டும்.

படி 6: பத்துப் பேர், எட்டு இடம்

டீம் அளவு 8 என்றால் நம் கணக்கில் இரண்டு பேர் வெளியே நிற்பார்கள். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு டீமில்தான் இருக்க முடியும், அழைப்பு அனுப்பவும் ஆளை நீக்கவும் தலைவருக்குத்தான் முடியும். ஆகவே ஒரு பக்கத்துத் தலைவர் முதலில் தன் டீமை விட்டு வெளியேறி மற்றவரின் டீமில் சேர்வார், அவரைப் பார்த்து மற்றவர்களும் வருவார்கள்.

யார் அந்த இரண்டு பேர்? எட்டும் இரண்டுமாகப் பிரிக்காதீர்கள், அது இருவரை ஒதுக்கியது போலாகும். ஐந்தும் ஐந்துமாக இரண்டு டீமாக வையுங்கள், ஆனால் கலந்து: ஒவ்வொரு டீமிலும் இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்க வேண்டும். மற்ற டீமில் இருப்பவரின் தலைக்கு மேல் பச்சைப் பெயர் தெரியாது, அதோடு ரஸ்டில் நம்மவர் சுட்டாலும் உயிர் போகும். அதனால் ஒரே நிற உடுப்பு வையுங்கள். சண்டையில் "முன்னுக்கு நிக்கிறான்" என்று கத்துவதில் பிரயோசனமில்லை, மேலே உள்ள திசைகாட்டியின் எண்ணைச் சொல்லிப் பழகுங்கள்: "210இல் கல்லுக்குப் பின்னால் ஒருவன்." சுடுவதற்கு முன் கேட்பதற்கு ஒரு சொல்லையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

புளூபிரிண்ட் (ஒரு சாமானைச் செய்யும் அறிவு) ஒவ்வொருவருக்கும் தனித்தனி, குரூப் சேர்ந்தாலும் அது சேராது. யாருக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு பட்டியலை டிஸ்கோர்டில் போட்டு வையுங்கள். ஒரே சாமானுக்கு இரண்டு பேர் ஸ்கிராப் செலவழிப்பது அதோடு நிற்கும்.

படி 7: பங்கு

சாம்பல்தீவுப் பக்கமோ நிலாவெளிப் பக்கமோ கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை கடலுக்குப் போகும் முன்பே சம்மாட்டிக்கு எவ்வளவு, இழுக்கிறவர்களுக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும், மீனைக் கண்ட பிறகு யாரும் பங்கு பேசுவதில்லை. ரெய்ட் லூட்டையும் அப்படி வையுங்கள். வெடிபொருள் யாருடையதோ அவர்களுக்கு முதலில் அந்தச் செலவு திரும்பிப் போகட்டும், மிச்சம் பொதுப் பெட்டிக்கு. செத்தவர்களுக்கு மாற்றுச் சாமான் பொதுப் பெட்டியில் இருந்து. ஒவ்வொருவருக்கும் பூட்டோடு ஒரு தனிப் பெட்டி, அதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

பெரிய பெட்டிகளிலும் டூல் கப்போர்டிலும் ஸ்டோரேஜ் மொனிட்டர் பொருத்தினால் ரஸ்ட் பிளஸ் செயலியில் போனிலேயே உள்ளே என்ன இருக்கிறது, பராமரிப்பு எவ்வளவு நேரத்துக்கு இருக்கிறது என்று பார்க்கலாம். இரண்டு பக்கத்திலும் தலா ஒருவர் போனில் இணைத்து வையுங்கள். "யார் எடுத்தது?" என்ற கேள்வியே எழாது. ஸ்மார்ட் அலாரம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால் ரெய்ட் வரும்போது போன் அடிக்கும்.

படி 8: காவல்

முதலில் எழுதிய மணித்தியாலத் தாளை இப்போது எடுங்கள். யார் எந்த நேரம் பேஸைப் பார்ப்பது, யார் கப்போர்டுக்குச் சாமான் போடுவது என்று கிழமைக்கு ஒரு தடவை எழுதி டிஸ்கோர்டில் ஒட்டுங்கள். சோதனைக் காலம், நோன்பு, பெருநாள், கோணேசர் கோவில் திருவிழா, கடையில் வேலை செய்கிறவரின் சம்பள நாள் ஓவர்டைம், எல்லாம் அதில் வர வேண்டும். இரவில் அலாரம் அடித்தால் யாருக்கு முதலில் போன் எடுப்பது என்பதையும் எழுதுங்கள். ஏஎல் எடுக்கிறவர்களை அந்தப் பட்டியலில் போடாதீர்கள், அவர்கள் நித்திரை கொள்ளட்டும்.

பிரிய வேண்டி வந்தால்

பிரிவு இரண்டு விதம். நல்லபடியாகப் பேசிப் பிரிவதென்றால் வைப் வரை பொறுத்திருங்கள், வைப்பன்று பேஸும் லூட்டும் அழிகிறது, பங்கு பிரிக்கவே தேவையில்லை. இடையில் ஒருவர் மட்டும் போகிறார் என்றால் அவருடைய தனிப் பெட்டியையும் பொதுவில் இருந்து ஒரு நல்ல துவக்கையும் கொடுத்து அனுப்புங்கள்.

அவர் போன அன்றே செய்ய வேண்டியவை: டீமில் இருந்து நீக்குவது, எல்லா டரெட்டையும் நிறுத்திப் பட்டியலை அழித்துத் திரும்பப் பதிவது, அவருக்குத் தெரிந்த கோட் உள்ள ஒவ்வொரு லொக்கையும் மாற்றுவது, அவர் பெயரில் உள்ள படுக்கைப் பைகளை எடுத்துவிடுவது. பையை மறந்தால் அவர் எந்த நேரமும் உங்கள் பேஸுக்கு உள்ளேயே உயிர்த்தெழலாம். கடைசியாக டூல் கப்போர்ட். பட்டியலை அழிக்கும்போது நீங்களும் அதில் இருந்து போய்விடுவீர்கள், அந்த அறையில் ஷொட்கன் ட்ராப் இருந்தால் அது உங்களையே சுடும். தோட்டாவை முதலில் எடுத்துவிட்டு, அழித்து, உடனே திரும்பப் பதிந்து, மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பதிய வைத்து, கப்போர்டைப் பூட்டிய பிறகு தோட்டாவைத் திரும்பப் போடுங்கள்.